வசந்தகால வான்கோழி வேட்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(இந்த மாதக் கேள்விகள் மூன்றுமே பென்சில்வேனியாவிலிருந்து வந்தவை. மாநிலத்தின் நடுவே, சென்டர் கவுன்ட்டியில் நெடுங்காலமாக வசித்து வேட்டையாடும் நம் வாசகி பதில் தருகிறார்.)

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் மே மாதம் டர்க்கி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். துப்பாக்கியையும் அவரே தருவாராம். நான் போகலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நண்பர் துப்பாக்கியை நீட்டும்போது உங்கள் பையில் உங்கள் பெயரில் வேட்டை லைசென்ஸ் இருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. "இரவல்தானே, ஒரு நாள்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையில் வாங்கினாலே வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். மாட்டினால் அபராதத்தோடு போகாது, விசாவுக்கே ஆபத்து. ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒரு தேதி இருக்கிறது. பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைதான். ஏப்ரலில் வாங்கினால் மூன்று மாதம்கூட வராது. துப்பாக்கி சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்திருந்தால், லைசென்ஸைப் புதுப்பிக்காத ஜூலை முதல் தேதியே நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். அடுத்த ஆண்டு லைசென்ஸ் ஜூன் கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிடும். அப்போதே வாங்கிவிடுங்கள்.

லைசென்ஸுக்கு முன்னால் ஹன்டர்-டிராப்பர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். முதன்முறை வாங்குபவர் எந்த வயதானாலும் இது கட்டாயம். பெரியவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே படிக்கலாம். அனுபவசாலி ஒருவரின் பக்கத்திலேயே இருந்து வேட்டையாட மென்டர்டு பெர்மிட் என்று ஒன்றும் உண்டு. ஆனால் விசாவில் இருப்பவர்கள் பயிற்சி முடித்து முழு லைசென்ஸே வாங்குங்கள், யாருக்கும் சந்தேகம் எழ இடம் வைக்க வேண்டாம். மாநிலவாசிக்குச் சுமார் 21 டாலர்தான் ஆகும். அதிலேயே வசந்தகாலத்துக்கு ஒரு பறவை அடக்கம். இரண்டாவது பறவைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அதைச் சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் வாங்கியாக வேண்டும்.

அப்புறம் துப்பாக்கி. வசந்தகாலத்தில் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன், அல்லது வில், கிராஸ்போ (விசைவில்). பெரிய குழலுள்ள 12 கேஜ் வேண்டும் என்று கட்டாயமில்லை, சிறிய குழலுள்ள 20 கேஜ் போதும், தோளுக்கும் சுகம். ஈயக் குண்டு என்றால் 4-ஆம் எண் குண்டைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது (எண் கூடக் கூடக் குண்டு சிறிதாகும்). கிளம்புவதற்கு முன் ஒரு பெரிய தாளில் வான்கோழியின் தலையும் கழுத்தும் வரைந்து, 20, 30, 40 கஜத்திலிருந்து சுட்டுப் பாருங்கள். குண்டுகள் கழுத்தில் நெருக்கமாக விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. 40 கஜத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். காயத்தோடு தப்பி எங்கோ புதருக்குள் சாகும் பறவை யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: முட்டையிடும் பருவத்தில் வேட்டைக்கு அனுமதிப்பது மனசுக்கு ஒப்பவில்லை. நண்பகலோடு நிறுத்த வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு?
– ஒரு வாசகி, லங்காஸ்டர்

பதில்: உங்களுக்கு உறுத்துவது நல்ல விஷயம். அந்த உறுத்தலை மனதில் வைத்துத்தான் விதியையே எழுதியிருக்கிறார்கள். சீசன் மே 1-ஐ ஒட்டிய சனிக்கிழமை தொடங்கும். 2025-இல் மே 3 முதல் 31 வரை இருந்தது. அதற்குள் பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து அடைகாக்க உட்கார்ந்திருக்கும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் இது. ஆகவே அந்த நேரத்தில் சில சேவல்கள் குறைந்தாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகளின் எண்ணிக்கை பெரிதாகப் பாதிக்கப்படாது.

பெட்டை வெறும் தரையில், இலைச் சருகில், ஒரு டஜன் முட்டைகளை வைத்துக்கொண்டு 28 நாள் உட்கார்ந்திருக்கும். ஆரம்ப நாட்களில் ஆள் நடமாட்டத்தால் மிரண்டு எழுந்தால் கூட்டையே விட்டுவிடக்கூடும். அதனால்தான் முதல் இரண்டு வாரமும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து நண்பகல் வரை மட்டும் அனுமதி. மே பிற்பாதியில் அது நிலையாக அமர்ந்துவிடும், காட்டில் ஆட்களும் குறைந்துவிடுவார்கள். அப்போது நாள் முழுக்க வேட்டையாடலாம். நெஞ்சில் தாடி, அதாவது முடிக்கற்றை போன்ற இறகு, தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம் என்பதும் பெட்டையைக் காக்கத்தான். தாடியுள்ள பெட்டையும் எப்போதாவது கண்ணில் படும். சட்டப்படி அதைச் சுடலாம். நான் சுடமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரம் வெட்டியும் வரைமுறையில்லாமல் சுட்டும் இந்த மாநிலத்தில் வான்கோழியை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். தென்நடுப் பகுதி மலைத்தொடர்களில்தான் கொஞ்சம் மிஞ்சியது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வலையில் பிடித்து வேறு காடுகளில் விட்ட பிறகுதான் பெருகியது. அந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வேட்டை லைசென்ஸ் கட்டணமும், 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது வசூலிக்கும் வரியும்தான். இன்று விடிகாலையில் எங்கள் ஊர் ஓக் காட்டில் சேவல் கத்துகிறது என்றால் அந்தப் பணத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கேள்வி: போன மே மாதம் சேவலின் குரலைக் கேட்டு, மரத்துக்கு மரம் பதுங்கி அதை நோக்கிப் போனேன். கிட்டத்தில் போனதும் ஓடிவிட்டது. சத்தமில்லாமல் நெருங்க வழி சொல்லுங்கள். பறவை கிடைத்தால் அதன்பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், ஹாரிஸ்பர்க்

பதில்: நெருங்க வழி சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே வசந்தகாலத்தில் வான்கோழியையோ வான்கோழிச் சத்தத்தையோ பதுங்கிப் பின்தொடர்வது சட்டவிரோதம். நாம் உட்கார்ந்து கூப்பிட வேண்டும், அது வர வேண்டும். அது மட்டும்தான் முறை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நீங்கள் கேட்ட குரல் பறவையுடையதுதானா? தலை முதல் கால் வரை இலை நிறத் துணி போட்டுக்கொண்டு, புதரோரம் உட்கார்ந்து, பெட்டை மாதிரி சத்தம் எழுப்பும் இன்னொரு மனிதராக இருக்கலாம். பக்கத்தில் சேவல் பொம்மையும் வைத்திருப்பார். அவரை நோக்கித் துப்பாக்கியோடு நீங்கள் ஊர்ந்து போகிறீர்கள். இந்த வேட்டையில் மனிதர்கள் சுடப்படுவது இப்படித்தான்.

சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். கைக்குட்டையிலும் காலுறையிலும்கூட அவை வேண்டாம். உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வசந்தகாலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயமில்லை. ஆனாலும் இடம் மாறும்போது நான் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்வேன், உட்காரும் மரத்திலும் ஆரஞ்சுப் பட்டை கட்டுவேன். வேறொருவர் வருவது தெரிந்தால் கை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரல் எழுப்பும் கருவியால் சத்தமும் எழுப்பாதீர்கள். "இங்கே ஆள் இருக்கிறேன்" என்று மனிதக் குரலில் உரக்கச் சொல்லுங்கள். சேவல் போனால் போகட்டும்.

நெருங்குகிற வேலையை ஏப்ரலிலேயே முடித்துவிடலாம், துப்பாக்கி இல்லாமல். விடியுமுன் சாலையோரம் நின்று எந்த மேட்டிலிருந்து கத்துகிறது என்று கேளுங்கள். மாலையில் ஆந்தை போலக் கூவினால் அடையும் மரத்திலிருந்தே சேவல் பதில் கொடுக்கும். தரையைப் பாருங்கள்: சேவலின் எச்சம் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டிருக்கும். நெஞ்சு இறகின் முனை கறுப்பாக இருந்தால் சேவல், பழுப்பாக இருந்தால் பெட்டை. ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் எனப்படும் மாநில வேட்டை நிலங்கள் எல்லாருக்கும் திறந்தவை. தனியார் நிலம் என்றால் சொந்தக்காரரை நேரில் பார்த்து அனுமதி கேளுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அந்த வீட்டாரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது. ஞாயிறு வேட்டைக்கு இருந்த பொதுத் தடையை 2025-இல் நீக்கிவிட்டார்கள். எந்தெந்த ஞாயிறு என்பதை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். இன்னொரு விஷயம், உண்ணி. அது பரப்பும் லைம் நோய் இங்கே அதிகம். உடைக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்துக் காயவைத்துப் போடுங்கள், திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடுங்கள்.

பறவை விழுந்ததும் இடத்தைவிட்டு நகர்த்தும் முன் டேகை (அடையாளச் சீட்டை) எழுதிக் கட்டுங்கள். ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள். 10 நாளுக்குள் மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனில் சில நிமிட வேலைதான். நெஞ்சுக்கறியைச் சீக்கிரம் வதக்கி எடுத்துவிடலாம். காலில் நரம்பு கம்பி போல இருக்கும். கால்கறியை மட்டும் தனியாக எடுத்து, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து, சதை எலும்பைவிட்டுக் கழலும்வரை குக்கரில் வேகவிடுங்கள்.