ஓரிரண்டு போட்டிகளோடு காணாமல் போன கிரிக்கெட் வீரர்களுக்குத் திறமை போதவில்லை என்றுதானே அர்த்தம்? அவர்கள் பிறகு என்ன செய்வார்கள்?

இல்லை, அப்படி அர்த்தம் இல்லை. நீங்கள் கேட்கும் தோரணையைப் பார்த்தால் வீட்டில் ஒரு பையன் லீக் ஆடிக்கொண்டிருக்கிறான், அவனை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

வி.வி. குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர், லெக் ஸ்பின்னர், அதாவது மணிக்கட்டையும் விரலையும் திருகிப் பந்தைச் சுழற்றுபவர். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 2. அதே வருடம் நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இன்னொரு டெஸ்ட். விக்கெட் கிடைக்கவில்லை. அவ்வளவுதான், மறுபடி கூப்பிடவே இல்லை. அப்புறமும் வருடக்கணக்கில், மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் வீசினார். முதல்தர ஆட்டங்களில், அதாவது டெஸ்ட், ரஞ்சி மாதிரி பலநாள் ஆட்டங்களில், மொத்தம் 599 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 20க்கும் கீழே. இவருக்கா திறமை போதவில்லை?

சென்னை பேட்ஸ்மேன் டி.இ. சீனிவாசனுக்கு இரண்டாவது டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. 1981இல் ஆக்லாந்தில் ஆடிய ஒரே டெஸ்டில் 29, 19 ரன்கள். இங்கிலாந்தின் கிரஹாம் கூச் முதல் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் டக், அதாவது பூஜ்யம். அவர் 118 டெஸ்ட் ஆடினார். ஒருவருக்கு மறுபடி மறுபடி வாய்ப்பு வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. டி.இ.யும் கூச் அளவுக்கு வந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே வழி இல்லாமல் போனது என்றுதான் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு ஏறுகிறது என்றால், நானும் லெக் ஸ்பின்னர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன் மாநில அணியில் இருந்தேன், சில ஆட்டங்கள் ஆடினேன். லெக் ஸ்பின் போடுபவனுக்கு மோதிர விரல்தான் சோறு. நாள் முழுக்க வீசினால் தையல் உரசி உரசி அந்த விரலின் பக்கவாட்டில் தோல் பிளந்துவிடும். டிங்சர் பென்சாயின் என்ற மருந்தைத் தடவுவோம். உயிர் போகிற மாதிரி எரியும், காய்ந்ததும் பிசின் போல இறுகும். பந்து வீசும் கையில் டேப் ஒட்ட அம்பயர் விடமாட்டார். ஒரு ஆட்டத்தில் விரல் பிளந்தும் அப்படியே வீசினேன், பந்தில் ரத்தம் பட்டதால் துடைத்துத் துடைத்து வீசினேன். ஸ்லிப்பில் ஒரு கேட்ச் நழுவியது. மறு ஆட்டத்துக்கு விரல் ஆறவில்லை. என் இடத்தில் வந்த இடக்கை ஸ்பின்னர் அருமையாக வீசினார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் விரல் ஆறியபோது அணியில் இடம் இல்லை. அடுத்த வருடம் உத்தேச அணியில்கூடப் பெயர் இல்லை.

"ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், நன்றாக ஆடினால் தானாக இடம் கிடைக்கும்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். எழுதட்டும். ஆனால் அன்றைக்கு இருந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். தென் மண்டலத்தில் ஐந்து அணிகள், ரஞ்சி லீக்கில் ஒரு சீசனுக்கு நாலே ஆட்டம். ஒரு ஆட்டம் போனால் கால் பங்கு சீசன் போச்சு.

இதே கணக்குதான் ஓய்வூதியத்திலும் கழுத்தைப் பிடிக்கிறது. 2003-04க்கு முன் ஓய்வு பெற்றவர்களில் குறைந்தது 25 முதல்தர ஆட்டம் ஆடியவர்களுக்குத்தான் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் மாதப் பணம். 2022இல் அதை 15,000 ரூபாயிலிருந்து 30,000 ஆக்கினார்கள், நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் ஆறு வருடம் ஒரு ஆட்டம் விடாமல் ஆடினாலும் லீக்கில் 24தான் வரும்! நாக்-அவுட்டுக்குப் போன அணிக்காரனுக்கும், மண்டல அணிக்குத் தேர்வானவனுக்கும்தான் கூடுதலாகச் சேரும். என்னை விடுங்கள், எனக்கு வேலை இருந்தது. கேரளா, ஆந்திரா மாதிரி அன்றைக்கு பலம் குறைந்த அணிகளில் ஆடியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வேலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக் கோட்டாவில் என்னை எடுத்த அலுவலகம், நாங்கள் கோப்பை வாங்கித் தந்த காலம் வரை எங்களைத் தலையில் வைத்து ஆடியது. அணியைக் கலைத்ததும் டெஸ்பாட்சில் உட்காரவைத்துத் தபால் ஒட்டச் சொன்னது. என்னோடு சேர்ந்தவர்கள் துறைத் தேர்வு எழுதி அதிகாரி ஆகியிருந்தார்கள். நாங்கள் மைதானத்தில் நின்றதும் அலுவலக உத்தரவின் பேரில்தான், அந்த வருடங்கள் மட்டும் ஏன் அனுபவத்தில் சேரவில்லை? கேட்டேன், பதில் வரவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகர் 1983இல் பாகிஸ்தானில் இரண்டு டெஸ்ட் ஆடினார், விக்கெட் இல்லை. ஆனால் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் அவர் பல வருடம் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கினார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே வந்து பயிற்சி எடுத்தவர்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது. நான் பார்த்தவரை சிலர் அம்பயர் தேர்வு எழுதினார்கள், சிலர் பள்ளிகளில் கோச் ஆனார்கள், பெரும்பாலானவர்கள் என்னைப் போல கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பையன் ஆடட்டும். கோட்டாவில் வேலை கிடைத்தால் முதல் வருடமே துறைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டூர்னமென்ட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு உத்தரவையும் எழுத்தில் வாங்கி ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். லெக் ஸ்பின் போடுகிறான் என்றால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், விரலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.