பட்டாணிச் செடியின் இலைகள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன, என்ன செய்வது?

பூச்சியும் காணோம், எறும்பும் காணோம், ஆனால் பட்டாணி இலையைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இலையை விடுங்கள், முதலில் அண்ணாந்து பாருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் இருப்பது ஓசூரில். இங்கே குளிர் இருப்பதால் ஐப்பசிக் கடைசியில் ஊன்றினால் பட்டாணி நன்றாகவே வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் எனக்கும் இதே பிசுபிசுப்பு. இரண்டு வாரம் விடாமல் வேப்பெண்ணெய் அடித்தேன். கழுவிவிட்ட மறுநாளே திரும்ப ஒட்டியது. காரணம் பக்கத்து வீட்டு மாமரம்! பூத்திருந்த அந்த மரத்தில் தத்துப்பூச்சி மொய்த்துச் சாற்றை உறிஞ்சி, அது கழிக்கிற இனிப்பு நீர் சாரல் மாதிரி என் செடிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே நிறுத்தும் ஸ்கூட்டர் சீட்டும்தான் ஒட்டியது, எனக்கு அது உறைக்கவே இல்லை. பட்டாணிக்கு எட்டாத இடத்தில் உள்ள பொருள்களும் ஒட்டினால் தொட்டியை நகர்த்தி வையுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

மேலே மரம் எதுவும் இல்லையா? அப்படியானால் அநேகமாக அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சி இதே மாதிரி இனிப்பு நீரைக் கழிக்கிற குட்டிப் பூச்சி. அவரையில் வருகிற அசுவினி கறுப்பு, தூரத்திலேயே தெரிந்துவிடும். பட்டாணியில் வருவது பெரும்பாலும் பச்சை, இலைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாது. எறும்பும் அதை அவ்வளவாகத் தேடி வராது. பசை இருக்கும் இலையில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்தப் பசை மேலிருந்து சொட்டியது. நுனிக்கொழுந்தையும் மேல் இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இன்னும் சுலபமான வழி, ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு கொடியைத் தட்டுவது. பட்டாணி அசுவினிக்குப் பயந்தால் பொத்தென்று கீழே விழுகிற பழக்கம் உண்டு. தாளில் பச்சையாக ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

இலையில் வெள்ளைத் துகள் இருந்தால் சாம்பல் நோய் என்று பயப்படாதீர்கள். சாம்பல் நோய் மாவு பூசினாற்போல் படரும், ஒட்டாது. உதிரி உதிரியாக இருப்பவை அசுவினி உரித்த தோல். கறுப்பாகப் படிந்தால் அது இனிப்பின் மேல் வளர்ந்த பூசணம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இப்போது வைத்தியம். காலையில் கொடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்து செய்தால் பாதிக்கு மேல் போய்விடும், என் அனுபவத்தில் பல தடவை இதுவே போதுமானதாக இருந்தது. மொய்த்துக் கிடக்கும் கொழுந்தைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். முதலில் இரண்டு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மற்றதற்கு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், பட்டாணி இலை மெல்லியது, கருகிவிடும். அடுப்புச் சாம்பல் தூவச் சொல்வார்கள்; என் அம்மாவும் சொன்னார். பசையோடு சேர்ந்து அப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

தெளிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. நான் ஆரம்பத்தில் நிறைய நசுக்கியிருக்கிறேன், பாவம். அசுவினியைத் தின்பதே அதன் வேலை. அசையாமல் உப்பிப் பழுப்பாகக் கிடக்கும் அசுவினியையும் அப்படியே விடுங்கள், அதன் உள்ளே குளவிக் குஞ்சு இருக்கும்.

யூரியா போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இளங்கொழுந்து தளதளவென்று வந்தால் அசுவினிக்குக் கொண்டாட்டம்தான். மாசி கடந்து வெயில் ஏறிய பிறகு இது வந்தால் மெனக்கெடாதீர்கள். இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு, செடியைப் பிடுங்கிவிட்டு அந்தத் தொட்டியில் வெண்டை ஊன்றுங்கள்.