வண்டியை இறக்கினால் வளைவில் நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஓட்டுவேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க ஆசை. வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறது. 40 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங்கும் 17 இன்ச் அலாய் வீலும் போட்டால் போதும், ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கட்டும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– ஆர்.கே., பெருங்குடி

பதில்: வேண்டாம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கை அப்படியே விடுவதுதான் ஹேண்ட்லிங்கைக் கெடுக்க மிகச் சுலபமான வழி. ஸ்பிரிங் அமுங்கியபின் திரும்ப எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் வால்வு கம்பெனி ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. கடினமான ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது. 52,000 கி.மீ. நம் ஊர்ச் சாலையில் உழைத்த ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி இரண்டு, மூன்று முறை துள்ளும். துள்ளும்போதெல்லாம் டயர் சாலையை அழுத்துவது குறையும், பிடிமானமும் போகும்.

அடுத்த சிக்கல் பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் அளவு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை. 40 மி.மீ. இறக்கினால், சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் இடத்தில் அந்த 40 மி.மீ. அப்படியே கழிந்துவிடுகிறது. வளைவில் சாய்ந்து நிற்கும்போது வெளிப்பக்க முன்சக்கரம் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒட்டுப்போட்ட தார் மேடு ஒன்று வந்தால் ஷாக் நேராகப் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அந்த ஒரு நொடியில் ஸ்பிரிங் பல மடங்கு கடினமானது போலாகி, முன்பக்கம் வெளியே வழுக்கும். ஓட்டுபவர் 'டயர் சரியில்லை' என்பார். டயர் மேல் தப்பில்லை.

மூன்றாவது விஷயம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும்வரைதான் அதன் ஜியோமெட்ரி நன்றாக வேலை செய்யும். அளவு மீறி இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலேறி, உள்முனை தாழ்ந்துவிடும். அப்போது வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடுகிறது. சாய்வைக் குறைக்கத்தானே இறக்கினீர்கள்? இது போதாதென்று, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும் பம்ப் ஸ்டீயரும் சேர்ந்துகொள்ளும்.

கிரவுண்ட் கிளியரன்ஸையும் பார்த்துவிடுவோம். உங்கள் மாடலுக்கு அது 163 மி.மீ., வீல்பேஸ் 2,450 மி.மீ. இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 100 மி.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டது. நான்கு சக்கரமும் அதன்மேல் நிற்கும்போது நடுவில் மேடு சுமார் 44 மி.மீ. எழும்பியிருக்கும். இறக்கிய வண்டிக்கும் அடியில் 79 மி.மீ. மிஞ்சும், தாராளம். ஆனால் உங்கள் தெருவில் இருப்பது அந்த வேகத்தடையா? குறுகலாக, கூர்மையாக, ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார்க்கட்டி அது. முன்சக்கரம் இறங்கியதும் அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்குத்தான் வரும். இறக்கியபின் இருப்பதே 123 மி.மீ.தான், நாலு பேர் ஏறினால் அதுவும் மிஞ்சாது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் டயர். உங்களுக்கு வந்திருப்பது 185/65 ஆர்15 (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம், ரிம் இன்ச்சில்) என்றால், 195/55 ஆர்16 போடலாம். வெளிவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய 621 மி.மீ.தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகும், ஸ்டீயரிங் திருப்பியதும் முன்பக்கம் சட்டென்று திரும்பும். கடைக்காரர் சொல்லும் 17 இன்ச்சில் பெரும்பாலும் 205/45தான் வரும், பக்கச்சுவர் 92 மி.மீ. மழைக்காலத்தில் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் ஒரே பள்ளத்தில் ரிம் நெளிந்துவிடும். ரிம் எடையும் கூடும். ரிம்மின் ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) கம்பெனி அளவிலிருந்து ரொம்ப விலகாமல் பாருங்கள், டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோட் இண்டெக்ஸும் குறையக் கூடாது.

அடுத்து, தேய்ந்ததை மாற்றுங்கள். லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை), பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட், அதனடியில் இருக்கும் பேரிங். 50,000 தாண்டிய வண்டியில் 'ஹேண்ட்லிங் சரியில்லை' என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அதன்பிறகுதான் ஷாக்கும் ஸ்பிரிங்கும். நான்கு ஷாக்கும் புதிது. ஸ்பிரிங் 20 முதல் 25 மி.மீ. இறக்குவதாக இருந்தால் போதும், அதற்குமேல் போகாதீர்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக வருவது உத்தமம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் முன் தொடவே கூடாது. தெறித்தால் உயிர் போகும். பிரேக் கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஏ.பி.எஸ். வயரை ஸ்ட்ரட் கிளிப்பிலிருந்து முதலிலேயே விடுவித்துவிடுங்கள். பம்ப் ஸ்டாப், தூசி உறை, மவுன்ட் மூன்றும் புதிதாக இருக்கட்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

பல ஒர்க்‌ஷாப்களில் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ், பின் ஆக்ஸில் புஷ் இவற்றின் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்தத் தொங்கல் நிலையிலேயே பிடிபடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு, அதுவும் டார்க் ரென்ச்சில், சர்வீஸ் மேனுவல் அளவில்.

முடித்த அன்றே அலைன்மென்ட், 500 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை. 'எல்லாம் பச்சையில் இருக்கு சார்' என்றால் விடாமல் பிரிண்ட் அவுட் கேளுங்கள். முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேல்முனை உள்ளே) மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 டிகிரி, இடதும் வலதும் சமம். ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டுகள் பிடிப்பதால், அதில் ஒன்றைக் கேம்பர் போல்ட்டாக மாற்றி இதைக் கொண்டுவரலாம். அது தளர்ந்தால் முதல் பள்ளத்திலேயே கேம்பர் மாறிவிடும், எனவே இறுக்கு அளவில் சலுகை கூடாது. ஹெட்லைட் உயரத்தையும் சரிபாருங்கள்.

டிராக் நாளுக்கு: சுமார் 3.7 கி.மீ. சுற்று அது. இரண்டு மூன்று சுற்றில் டயர் சூடேறி அழுத்தம் கூடும். அதனால் குளிர்ந்த நிலையில் 3, 4 பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்கி, பிட்டுக்கு வந்ததும் சூட்டோடு அளந்து திருத்துங்கள். வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். கூடவே பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள், சஸ்பென்ஷனைவிட அதுதான் முதலில் கைவிடும்.

கேள்வி: போலோ ஜி.டி.க்கும் அதே கேம்பர் போல்ட் போடலாமா?
– எம்.எஸ்., அண்ணா நகர்

பதில்: முடியாது. போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி, ஒற்றைப் போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கிறது. கேம்பர் வேண்டுமென்றால் மேலே அட்ஜஸ்டபிள் மவுன்ட்தான் வழி, அது சத்தம் போடும். தெருவில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அவசியமே இல்லை.

கேள்வி: ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் செலவில்லாமல் இறங்குமே?
– பி.டி., புதுப்பேட்டை

பதில்: இறங்கும். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகவும் ஆகும். ஆனால் வெட்டிய முனை சீட்டில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி, திரும்ப உட்காரும்போது கோணலாகும். கேஸ் வைத்துச் சூடாக்கி வெட்டினால் இரும்பின் பதமும் போய்விடும். செய்யாதீர்கள்.

கேள்வி: பின்பக்க ஸ்டெபிலைசர் பார், ஸ்ட்ரட் பிரேஸ், பாலியூரித்தேன் புஷ் – மூன்றில் எது முதலில்?
– வி.என்., தாம்பரம்

பதில்: முன்சக்கர இழுவை வண்டி வளைவில் வெளியே தள்ளுவதைக் குறைக்கப் பின்பக்க பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) நன்றாகவே உதவும். தடிமனில் மட்டும் ஆசை வேண்டாம். 22 மி.மீ. பாரை 24 ஆக்கினால் கடினம் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது, ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஐப்பசி மழையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை டக்கென்று விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடலாம். அளவு மாற்றும் துளைகள் உள்ளதை வாங்கி, மென்மையான துளையில் தொடங்குங்கள்.

புஷ்ஷில் லோயர் ஆர்முக்கு மட்டும், நடுத்தரக் கடினத்தில், சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடலாம். பின் ஆக்ஸிலுக்கு வேண்டாம், அங்கே ரப்பர் எல்லாப் பக்கமும் நெளிய வேண்டியிருக்கிறது. இரண்டு ஸ்ட்ரட்டின் மேல்முனைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் பிரேஸ், பானெட்டைத் திறந்தால் அழகாக இருக்கும்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரை அருகே வீடு. காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடி) போட்டிருக்கிறேன், உயரம் மாற்றும் வளையம் திருகவே மாட்டேன் என்கிறது.
– ஜே.ஏ., திருவான்மியூர்

பதில்: உப்புக்காற்றும் சாலை மண்ணும் மரையில் இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, வளையத்துக்கான ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக அசையுங்கள். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டினால் அலுமினிய வளையம் உடையும். விடுபட்டதும், மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவி, மரைக்குத் துணி உறை போடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– டி.எல்., போரூர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஷாக், புஷ் போல தேயும் பாகத்தை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. சேஸியை வெட்டுவது, வெல்டு வைப்பது வேறு கதை. எதை மாற்றினாலும் பில்லை எடுத்துவைத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். வழக்கமான தனியார் கார் பாலிசி டிராக்கில் நேரம் பார்த்து ஓட்டும்போது ஆகும் சேதத்துக்குப் பணம் தராது.