6,000 ரூபாய் கூடுதல், ஆனால் 11 மாத ஒப்பந்தம்: போகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 7 வருடமாக அக்கவுன்ட்ஸில் இருக்கிறேன். நிரந்தர வேலை, சம்பளம் 28,000, அதில் அடிப்படை 15,000. தீபாவளிக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் போனஸ், வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஷிப்மென்ட் சமயத்தில் இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதையும் மாலை ஐந்து மணிக்குத்தான் சொல்வார்கள். மகனுக்கு 4 வயது. இன்னொரு நிறுவனம் வீட்டிலிருந்தே பார்க்கலாம், 34,000 தருகிறோம் என்கிறது. ஆனால் 'கன்சல்டன்ட்', 11 மாத ஒப்பந்தம். மனநிம்மதிக்காகப் போய்விடலாமா?

பதில்: முதலில் அந்த 6,000 ரூபாயைப் பார்ப்போம். கன்சல்டன்ட் என்றால் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, அதனால் பி.எஃப். கிடையாது, நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் அடிப்படைச் சம்பளத்தின் 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 போயிற்று. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம், மாதக் கணக்கில் சுமார் 720. போனஸ் 1,250. விடுப்பு எடுத்தால் இனி சம்பளம் இல்லை என்பதால் 20 நாளுக்கு மாதம் சுமார் 1,800. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 430 ரூபாய். பஸ் செலவு மிச்சமாகும், சரி. ஆனால் இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருந்தால், 26 வார முழுச்சம்பள மகப்பேறு விடுப்பும் கன்சல்டன்டுக்கு இல்லை. 28,000 சம்பளத்தில் அது ஆறு மாதம், ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

ஆக, பணத்துக்காக இதில் போக வேண்டியதில்லை. நிம்மதிக்கு வருவோம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ஆலைகளில் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசராக இருந்தவன். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆட்கள் எப்படி மாறுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் 102 டிகிரி காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். "சார், இந்த மாசம் லீவு வேண்டாம்" என்றார். வேலை போகவில்லை, அவருக்குப் புதுப்பித்தும் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பதினோராவது மாதமும் அவர் அப்படித்தான் இருந்தார். வேலை போவதை விட, போய்விடுமோ என்ற நினைப்புதான் ஆளை அரிக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: அந்த அச்சம் கூடும் இடத்தில் வேலைத் திருப்தி குறைகிறது.

அப்படியானால் நெகிழ்வான வேலையே தப்பா? இல்லை. ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில், விருப்பப்பட்ட ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தது. அவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் அதே நிறுவனத்தின் ஊழியர்களாகவே இருந்தார்கள். இடம்தான் மாறியது.

அமெரிக்காவில் கால் சென்டர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. வீட்டிலிருந்து பார்க்கும் வசதிக்காகச் சராசரியாகச் சம்பளத்தில் 8 சதவீதம் விட்டுத்தரத் தயாராக இருந்தார்கள். ஒரு வாரம் முன்னால் மட்டும் சொல்லி முதலாளி இஷ்டத்துக்கு நேரம் போடுவதைத் தவிர்க்கவோ 20 சதவீதம்! உங்களுக்கு ஒரு வாரம்கூட இல்லை, அன்றைக்கு மாலைதான் தெரிகிறது. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களை வாட்டுவது அலுவலகம் அல்ல, அந்த ஐந்து மணிச் செய்திதான் என்று தோன்றுகிறது.

அதனால் முதலில் இப்போதைய மேனேஜரிடம் பேசுங்கள். "கஷ்டமாக இருக்கிறது சார்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஷிப்மென்ட் தேதிகள் எப்படியும் முன்கூட்டியே தெரியும். "எந்தெந்த நாள் தாமதமாகும் என்பதைத் திங்கட்கிழமையே என்னிடம் சொல்லிவிடுங்கள், அந்த நாட்களில் ஆறு மணிக்கு மேல் டாலி கணக்கு மென்பொருளில் செய்யும் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். 7 வருட ஆளை இழந்து புது ஆளுக்குப் பழக்குவது எவ்வளவு சிரமம் என்று அவருக்கும் தெரியும்.

அவர் மறுத்தால், அப்புறம் புது இடத்தோடு பேரம் பேசுங்கள். கன்சல்டன்ட் வேண்டாம், குறிப்பிட்ட கால ஊழியராக எடுங்கள், 11 அல்ல, 12 மாதம் என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அப்படிப்பட்ட ஊழியருக்கு ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. அந்த ஒரு மாத வித்தியாசம் சும்மா வைக்கப்படுவதில்லை. வேலை நேரம், எத்தனை மணிக்கு மேல் போன் எடுக்க வேண்டியதில்லை, ஒப்பந்தத்தை நிறுத்த எத்தனை நாள் நோட்டீஸ் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும்.

போவதாக முடிவானால், 7 வருடத்துக்கான கிராஜுவிட்டி சுமார் 60,600 ரூபாயை விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும், உங்களுக்கு இன்னும் 3 வருடம்தான் பாக்கி. இதுவரையிலான பென்ஷன் சேவையைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால், பின்னால் பி.எஃப். உள்ள வேலைக்குப் போகும்போது இந்த 7 வருடமும் சேர்ந்துகொள்ளும்.