ஒரே வீட்டில் இரண்டு கணினிகள்: இணைப்புச் சிக்கல்கள், கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கணினிகளிலும் இணையம் வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைத்தான் பார்க்க முடியவில்லை. ஃபயர்வாலை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, வெளியார் நுழையாமல் தடுக்கும் காவல் அது. முதலில் இரண்டிலும் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டைத் (கட்டளை தட்டும் திரை) திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளை கொடுங்கள், கணினியின் நெட்வொர்க் முகவரி தெரியும். ஒன்றில் 192.168.1.5, மற்றொன்றில் 192.168.0.7 என்று வந்தால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. இணைய நிறுவனம் தந்த ரௌட்டருக்குப் பின்னால் இன்னொரு ரௌட்டரை மாட்டிய வீடுகளில் இது வழக்கம். இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் ரௌட்டரின் நெட்வொர்க்கையே நீட்டும் முறைக்கு, மாற்றுங்கள். முகவரிகள் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்றால், இரண்டிலும் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' என்பதிலிருந்து 'பிரைவேட்' ஆக்கி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள். ஃபயர்வாலே தேவையான கதவைத் திறந்துவிடும்.

கேள்வி: என் முகவரி 169.254 என்று தொடங்குகிறதே?

பதில்: ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ரௌட்டரே இல்லாமல் இரண்டையும் நேரடியாகக் கேபிளால் இணைத்திருந்தால் கவலை வேண்டாம், அந்த முகவரியிலேயே கோப்புகளை அனுப்பலாம்.

கேள்வி: மற்ற கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. தினமும் போடும் பின் எண்ணைக் கொடுத்தால் ஏற்கவில்லை.

பதில்: பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் அம்மா. பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக நுழையக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் இவ்வழியில் அனுமதிக்காது. எளிய வழி: ஃபோல்டர் இருக்கும் கணினியில் 'பகிர்வு' என்று ஒரு தனி லோக்கல் கணக்கு (அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு) தொடங்கி, கடவுச்சொல் வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். நுழையும்போது கணினியின் பெயர், பின்சாய்வுக்கோடு (\), கணக்கின் பெயர் என்ற வரிசையில் தட்டுங்கள். சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருக்காது என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

கேள்வி: படங்கள் இருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைப் புதியதோடு இணைக்க 'எஸ்எம்பி 1' என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை வேண்டுமாம். இயக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்தப் படங்களைப் பென்டிரைவில் எடுத்து வாருங்கள்.

கேள்வி: கேபிள் போட்டும் நொடிக்கு 11 மெகாபைட்தான் நகர்கிறது.

பதில்: இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது (8 மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்). அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட்டுக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேலை செய்ய வேண்டும், ஒன்று அறுந்தாலும் வேகம் இறங்கிவிடும். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் ரௌட்டரின் போர்ட்டே 100 மெகாபிட்டாக இருக்கலாம்.