ஒரே எண்களுக்கு ஆக்டேவும் நம்பையும் வேறு வேறு திட்டவிலக்கம் தருவது ஏன்?

4, 5, 6, 7, 8 என்ற ஐந்து எண்களின் திட்டவிலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு, 1.581 என்கிறது ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருள்; 1.414 என்கிறது பைத்தான் மொழியின் எண் கணக்கீட்டு நிரல்தொகுப்பான நம்பை (NumPy); எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு.

சராசரி 6. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. நம்பை அதை 5-ஆல் வகுத்து, 2-இன் வர்க்கமூலத்தைத் தருகிறது. ஆக்டேவ் ஒன்றைக் குறைத்து 4-ஆல் வகுக்கிறது, 2.5-இன் வர்க்கமூலம்தான் அந்த 1.581. கையில் இருப்பது முழுத் தொகுதி என்றால் நம்பையின் வழி. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் ஆக்டேவின் வழி, ஏனென்றால் மாதிரியின் சராசரியிலிருந்தே விலகலை அளப்பதால் பரவல் சற்றுக் குறைவாகத் தெரியும்; ஒன்றைக் குறைத்து வகுப்பது அதை ஈடுகட்டுகிறது. வகுக்கும் எண்ணில் எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் 'டிடிஓஎஃப்' (ddof) மதிப்பை நம்பையில் 1 ஆக்கினால் விடை ஆக்டேவோடு ஒத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், நம்பையின் மேல் எழுப்பிய தரவு நிரல்தொகுப்பான பாண்டாஸ் கேட்காமலே ஒன்றைக் குறைத்துவிடும்!

வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்குகளாகப் பிரிக்கும் கால்மானங்களில் குழப்பம் இன்னும் அதிகம். இதே எண்களுக்கு முதல் கால்மானம் புள்ளியியலுக்கான ஆர் (R) மொழியில் 5, ஆக்டேவில் 4.75. கால்மானம் கணக்கிட ஆர் மொழி ஒன்றிலேயே ஒன்பது முறைகள் உண்டு. அதனால் அறிக்கையில் விடையோடு மென்பொருளின் பெயரையும் முறையையும் எழுதிவிடுங்கள். இன்னொன்று: ஆர் மொழியின் 'மோட்' (mode) கட்டளை முகட்டை, அதாவது அதிக முறை வரும் மதிப்பைத் தராது, தரவின் வகையைத்தான் சொல்லும். முகடு வேண்டுமென்றால் 'டேபிள்' (table) கட்டளை போட்டு எது அதிக முறை வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.