காணியின் பழைய கதையைக் கேட்கும் சட்டம்: உயிரி எரிபொருள் விதிகள் பற்றிய கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியம் தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தில் உயிரி எரிபொருளுக்குப் போட்டிருக்கும் நிபந்தனைகளை விளக்கச் சொல்லிப் போன மாதம் இரண்டு பேர் கேட்டார்கள். கேள்விகளை அனுப்புங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டன. சான்றிதழ் வேலையில் கணக்காய்வாளராகப் பல வருடம் நாடு நாடாகத் திரிந்தவன் நான். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். எனக்கு விதியும் கணக்கும் தெரியும். எந்தக் கன்றை எத்தனை அடி இடைவெளியில் நடுவது என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பரந்தனிலிருந்து: செடி காற்றிலிருந்து எடுத்த கரியைத்தானே எரியும்போது திருப்பிவிடுகிறது? பிறகு ஏன் இத்தனை விதி?

எரிக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. சட்டமும் புகைக்குழாயில் வருவதைப் பூச்சியம் என்றுதான் எழுதுகிறது. ஆனால் அதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் எண்ணுகிறது: யூரியா செய்த தொழிற்சாலை, வயலில் போட்ட யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஒக்சைட்டு, உழவு, எண்ணெய் ஆலை, கப்பல். கூட்டி வந்த தொகையைப் பெற்றோல், டீசலுக்கான தொகையோடு ஒப்பிடுவார்கள். அது ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 94 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம், 2009இல் 83.8 ஆக இருந்தது. அதைவிட எவ்வளவு குறைவு என்பதுதான் புள்ளி. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 35 சதவீதம் குறைந்தால் போதும் என்றது. பிறகு 50 ஆக்கினார்கள். 2015 ஒக்டோபருக்குப் பின் ஓடத் தொடங்கிய ஆலைக்கு 60, 2021இலிருந்து தொடங்கியவற்றுக்கு 65.

ஒரு பாமாயில் ஆலையின் பின்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கழிவுநீர்க் குட்டை, பால் விடாத கோப்பி நிறம், மேலே கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டே இருக்கும். அது மீதேன். அந்தக் குட்டையைத் திறந்து விட்டால் பாமாயில் டீசலுக்கு 2009ஆம் ஆண்டு அட்டவணை கொடுத்த சேமிப்பு 19 சதவீதம். மூடி வாயுவைப் பிடித்தால் 56. அதே பழம், அதே எண்ணெய். ஒன்று 35 என்ற வாசலைத் தாண்டாது, மற்றது தாராளமாகத் தாண்டும்.

வவுனியாவிலிருந்து: எங்கள் அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் கிடக்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா?

விதிப்படி உமி நல்ல பிள்ளை. உமி, வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவை சட்டத்தின் ஒன்பதாம் இணைப்பில் தனிச் சலுகையோடு இருக்கின்றன. சேகரிக்கும் இடம் வரைக்கும் அவற்றின் கணக்கு பூச்சியம். ஒரு தொன் நெல்லுக்கு ஏறக்குறைய 200 கிலோ உமி விழும், பொருளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் உமி ஏற்றிய லொறியைப் பார்த்திருப்பீர்கள். லொறி நிறைந்துவிடும், பாரம் இருக்காது. அதைக் கப்பலில் ஏற்றினால் காற்றுக்குக் கூலி கொடுத்த கதைதான். புழுங்கல் கொதிகலனிலேயே எரியுங்கள், அதற்கு ஐரோப்பியச் சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

மல்லாவியிலிருந்து: அண்ணை, வடை பொரித்த எண்ணெயை லான்ட்மாஸ்டருக்கு (இரு சக்கர உழவு இயந்திரம்) ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். ஓடும், அதுதான் ஆபத்து. தடித்த எண்ணெய் சரியாகத் தூவாமல் இன்ஜெக்டரின் நுனியில் கரியாகப் படியும். உயிரி டீசல் என்பது எண்ணெயோடு மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்வது. வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். மெதனோல் கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிரும் போகும். தண்ணீர் போலத்தான் இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் போத்தலே கூடாது.

துணுக்காயிலிருந்து: காட்டாமணக்கு ஐந்து ஏக்கர் நடச் சொல்கிறார்கள். ஐரோப்பியச் சான்றிதழ் இருக்கிறதாம், விதையை அவர்களே வாங்குவார்களாம்.

தம்பி, இந்தக் கதைக்கு வயது இருபதுக்கு மேல். இந்தியாவில் 2003இல் உயிரி டீசல் திட்டம் என்று காட்டாமணக்கைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது. மூன்றும் உண்மை. ஆடு கடிக்காது என்றுதானே நாங்களும் வேலியில் நட்டோம்? ஆனால் தரிசில் உயிரோடு நிற்பது வேறு, காய்ப்பது வேறு. காய்க்க வேண்டுமென்றால் தண்ணீரும் பசளையும் கேட்கும். அந்தத் தண்ணீர் இருந்தால் நீங்கள் கச்சான் போடுவீர்கள்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். சான்றிதழ் என்று காகிதம் நீட்டினால் அதில் எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்தக் காணிக்கு என்று வாசியுங்கள். சான்றிதழ் என்பது காணியையும் விநியோகச் சங்கிலியையும் போய்ப் பார்த்த பிறகு கொடுப்பது. நடாத கன்றுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

மாங்குளத்திலிருந்து: பாமாயிலைத் தள்ளிவிட்டு சோயாவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்களே. தங்கள் கடுகுக்காரரைக் காப்பாற்றத்தானே?

பாதி உண்மை. தடை என்று சொல்வது தவறு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இவ்வளவு வேண்டும் என்று ஒன்றியம் வைத்த இலக்குக் கணக்கில் பாமாயிலைச் சேர்ப்பதை 2023 கடைசியிலிருந்து குறைத்து 2030இல் பூச்சியமாக்குகிறார்கள். 2019இல் போட்ட அளவுகோல் இது: ஒரு பயிரின் புது விரிவாக்கத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் காடு, சதுப்பு போன்ற கரி நிறைந்த நிலத்தில் நடந்திருந்தால் அது ஆபத்தான பயிர். பாமாயிலுக்கு 45 என்று கணக்கு வந்தது, சோயாவுக்கு 8. அளவுகோலை எட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் வைத்தால் யார் விழுவார் என்பது முன்பே தெரிந்ததுதான். இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வர்த்தக நிறுவனத்துக்கே போய் வழக்காடின. ஆனாலும் அந்த 45 யாரும் கற்பனை செய்த எண் இல்லை.

நெடுங்கேணியிலிருந்து: எங்கள் காணியை 90இல் விட்டு ஓடினோம், 2010இல் திரும்பி வந்து காடு வெட்டி மறுபடி தோட்டமாக்கினோம். இந்தச் சட்டத்தில் 2008 என்று ஒரு தேதி இருக்கிறதாமே. எங்களுக்கு என்ன ஆகும்?

இத்தனை கேள்விகளில் நான் காத்திருந்த கேள்வி இதுதான்.

ஒரு எண்ணெய் எவ்வளவு சுத்தமாக எரிகிறது என்பதைவிட, அது விளைந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதில்தான் இந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்த ‘முன்பு’ 2008 ஜனவரி. ஏன் அந்த மாதம்? சட்ட முன்மொழிவு வெளியானது 2008 ஜனவரி 23. அதற்குப் பிந்திய தேதியை வைத்தால் அதற்குள் ஆட்கள் காட்டை வெட்டித் தள்ளிவிடுவார்கள் என்ற யோசனை. 2009இல் வந்த சட்டம் 2018, 2023 என்று மாறியும் அந்தத் தேதி மாறவில்லை.

இப்போது எங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிந்தது 2008 ஜனவரி 16. அங்கே சட்ட முன்மொழிவு வந்ததற்கும் இங்கே போர்நிறுத்தம் முடிந்ததற்கும் ஒரே ஒரு கிழமைதான் இடைவெளி.

உங்கள் காணிக்கு வருவோம். 2008 ஜனவரியில் ஒரு ஹெக்டேயருக்கு மேல், அதாவது இரண்டரை ஏக்கர் அளவில், ஐந்து மீற்றருக்கு மேல் உயரமான மரங்கள் நின்று, விதானம் (மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடும் பரப்பு) 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அது காடு. பிறகு அது காடாக இல்லாமல் போயிருந்தால், அங்கே விளைந்த எதுவும் எரிபொருள் கணக்கில் சேராது. விதானம் 10க்கும் 30க்கும் இடையில் என்றால் கரிக் கணக்குப் போட்டுத் தப்பலாம். பதினெட்டு வருடம் ஆள் நடமாட்டமில்லாத வன்னிக் காணி எப்படி இருந்திருக்கும்? மரங்கள் கூரைக்கு மேலே வளர்ந்திருக்கும். விழுவீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: நாங்கள் 2009 தொடக்கம் வரை பயிர் செய்தோம். திரும்பி வரும்போது பற்றை. எங்களுக்கும் அதேயா?

இல்லை. 2008 ஜனவரியில் பயிர் நிலம், ஆகவே காட்டு விதி உங்களைத் தொடாது. பல்லுயிர் விதி மட்டும் ‘அந்த மாதத்திலோ அதற்குப் பிறகோ’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இடையில் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்டிருந்தால் சிக்கல். வெறும் பற்றை என்றால் பயமில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து: அப்படியென்றால் எங்கள் காணி காடா இல்லையா என்று இனி ஐரோப்பாவும் தீர்ப்புச் சொல்லுமா? இங்கே காடு என்று எல்லைக் கல் நட்டவர்கள் போதாதா?

கோபம் புரிகிறது, ஆனால் இரண்டையும் குழப்பாதீர்கள். இது காணிச் சட்டம் இல்லை. உங்கள் காணி உறுதியையும் பெர்மிட்டையும் இது தொடாது. நீங்கள் கத்தரி போடுங்கள், கச்சான் போடுங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அங்கே விளைந்த எண்ணெயை ஐரோப்பா தன் இலக்கில் எண்ணுமா என்பது மட்டுமே கேள்வி. இந்தச் சட்டத்தைக் காட்டி உங்கள் காணி காடுதான் என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

கொழும்பிலிருந்து: இதில் என்ன அநியாயம்? மனிதர் போனார்கள், காடு வந்தது. யானைக்கு யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பது தெரியுமா? கரியும் அப்படித்தான்.

கரிக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்க முடியாது. இருபது வருட மரத்தை வெட்டினால் இருபது வருடக் கரி போகும், வெட்டியவர் அகதியா முதலாளியா என்று அது பார்க்காது. ஆனால் இந்தத் தேதி கரியை அளக்க வைத்தது மட்டுமில்லை. சட்டம் வருவது தெரிந்து, இலாபத்துக்காகக் காட்டை வெட்டுகிறவனைப் பிடிக்க வைத்த பொறி. அதில் அப்பா தோண்டிய கிணற்றைத் தேடி வந்தவரும் மாட்டுகிறார். பொறி வைத்தவர்கள் அப்படி ஒருவர் வருவார் என்று நினைக்கவே இல்லை.

இதற்குக் கீழே இருபத்து மூன்று மறுமொழிகள் வந்தன. யானை, குடியேற்றம், முதிரை மரக் கடத்தல் என்று எங்கெங்கோ போய்விட்டன. பதில் சொல்லப் போவதில்லை. கொழும்புக்காரரும் ஒட்டுசுட்டான்காரரும் தனியே பேசிக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: சாப்பாட்டுக் கடைகளிலிருந்து பாவித்த எண்ணெய் சேர்த்து ஏற்றுமதி செய்யலாமா?

செய்கிறார்கள். பாவித்த எண்ணெய்க்கு நிலக் கேள்வியே இல்லை, சேகரிக்கும் இடம் வரை கரியும் பூச்சியம். போதாததற்கு இலக்குக் கணக்கில் இரட்டிப்பாக எண்ணலாம் என்று சட்டம் விட்டது. விளைவு, சில நேரம் பழைய எண்ணெய் புது எண்ணெயைவிட விலை கூடி நிற்கும். அப்போது என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்?

வேறொரு நாட்டில் ஒரு வடைக் கடைக்குப் போனேன். ஒரு தாச்சி, ஒரு அடுப்பு. சேகரிப்பாளரின் பதிவேட்டில் அந்தக் கடையின் பெயரில் மாதம் மூன்று பரல். எத்தனை டின் வாங்குகிறீர்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். விரல் மடித்து எண்ணிச் சொன்னார். வாங்கியதைவிட விற்றது கூட. வடை எண்ணெய் குடிக்கும், கறக்காது. மிச்ச எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பதிவேடு சொல்லவில்லை. இந்த வகைக்குப் போக்குவரத்து எரிசக்தியில் 1.7 சதவீதம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். நேர்மையாகச் செய்வதென்றால் கடை கடையாக ரசீது வையுங்கள். அதிலேயே நிற்கும், அதிலேயே விழும்.

முழங்காவிலிலிருந்து: பொரித்த எண்ணெயை உழவு இயந்திரத்துக்கு ஊற்றலாமா?

மல்லாவிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கனடாவிலிருந்து: ஊரில் இருபது ஏக்கர் சும்மா கிடக்கிறது. காட்டாமணக்கு...

துணுக்காய்.

விசுவமடுவிலிருந்து: இந்தியாவில் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கிறார்கள். மைலேஜ் குறையுமா?

குறையும். ஒரு லீற்றர் எதனோலில் 21 மெகாஜூல், பெற்றோலில் 32. உங்கள் மோட்டார் சைக்கிளின் வொஷர் தாங்குமா என்பதை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கனகராயன்குளத்திலிருந்து: பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டவில்லையா? இலுப்பை எண்ணெயில் ஓட்ட முடியாதா?

ஓட்டினோம். ஊசிக் குழாயால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வெள்ளைப் புகை. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி விளக்கும் வைத்துப் படித்தோம். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. இன்று ஆலை இருக்கிறது. இலுப்பை எண்ணெயைக் கோயிலுக்குக் கொடுங்கள்.

அடம்பனிலிருந்து: மெதனோல் எங்கே வாங்கலாம்?

வாங்காதீர்கள்.

நெடுங்கேணியிலிருந்து, மறுபடி: விழுவோம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் காணியில் கிணறு இருக்கிறது, அப்பா வைத்த தென்னைகள் இருக்கின்றன. 2008இல் அது முழுக் காடு இல்லை என்று காட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. நான் அவசரப்பட்டுவிட்டேன். கிணறும் தென்னையும் ஒன்றை நிரூபிக்கும்: அது மனிதர் கை படாத ஆதிக் காடு இல்லை. அந்த வாசல் உங்களுக்குத் திறந்துவிட்டது. மிச்சம் விதானக் கணக்கு. அதற்கு லாண்ட்சாட் செய்மதிப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2008க்குக் கிட்டிய வருடங்களைத் தேடுங்கள். லாண்ட்சாட் 7 படங்களில் 2003இலிருந்து கறுப்புக் கோடுகள் விழும், இரண்டு மூன்று படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாரியில் எடுத்ததைத் தொடாதீர்கள், முகில் மறைக்கும், மறைக்காவிட்டால் புல்லும் காடும் ஒரே பச்சை. ஆவணி புரட்டாதிப் படத்தை எடுங்கள். அப்போது காடு பச்சையாக நிற்கும், வெளி கருகிக் கிடக்கும். கிணறு தெரியாது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் முப்பது மீற்றர் அகலம். தென்னை வளவு வெளிப்பாக இருந்திருந்தால் மங்கலாகத் தெரியக்கூடும். கிடைத்த படத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.